ஜே.பி.எல். என்ற மூன்று எழுத்து

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பாடப்புத்தகம் மாதிரி இருக்கக்கூடாது, படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகப்பட வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்ததே இரண்டு விஷயம்தான். ஒன்று, நம் கல்லூரி சொல்லிக்கொடுத்த இயற்பியல். இன்னொன்று, பழைய ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்து வீட்டில் பாட்டுக் கேட்பது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜே.பி.எல். என்ற எழுத்துகளைப் பார்க்காதவர் இன்று யாரும் இருக்க முடியாது. கார் ஸ்பீக்கரில் இருக்கும், நம் மாணவத் தம்பிகள் கையில் தூக்கிக்கொண்டு போகும் புளூடூத் பெட்டியிலும் இருக்கும். அது ஏதோ மூன்று ஆங்கில வார்த்தைகளின் சுருக்கம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு ஆளின் பெயர். ஜேம்ஸ் புல்லோ லான்சிங். அமெரிக்காக்காரர். 47 வயதில் இறந்துபோனவர். தன் பெயர் உலகம் முழுக்கப் பரவியதை அவர் பார்க்கவே இல்லை.

அவருக்கும் நம் பெரம்பலூர், அரியலூர் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேர் சம்பந்தம் கிடையாது. ஆனால் நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாரும் சினிமாக் கொட்டகையில் படம் பார்த்தவர்கள். வெள்ளைத் திரையில் பொடிப்பொடி ஓட்டைகள் இருந்ததைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் திரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து சத்தம் நம்மிடம் வரும். கீழே பெரிய பெட்டி, மேலே அகன்ற வாய் உள்ள ஹாரன். அந்த இரட்டை அமைப்பைச் சினிமாவுக்குச் சரியாக அமைத்துக் கொடுத்தவர்களில் லான்சிங் முக்கியமானவர்.

தமிழ்நாடு முழுக்க எத்தனையோ ஒற்றைத் திரை அரங்குகள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவிட்டன. அவற்றின் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர்கள் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுப் போயின. அப்படி எடைக்குப் போன இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர்கள் என் கைக்கு வந்தன. பெயர்ப்பட்டை தேய்ந்து கம்பெனி எதுவென்றே தெரியவில்லை. அவற்றைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டபோதுதான் இந்த மனிதரின் கதைக்குள் போனேன்.

பெயர் மாறிய பையன்

1902 ஜனவரி 14 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்கூப்பின் என்ற மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. பதினான்கு பிள்ளைகளில் ஒன்பதாவது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினீயர். சுரங்கம் எங்கே வேலை கொடுக்கிறதோ அங்கே குடும்பம் மூட்டை கட்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் சிமெண்ட் ஆலையையும் நம்பிக் குடும்பங்கள் வாழும் அரியலூர்க்காரர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பையன் சிறு வயதில் சில காலம் புல்லோ என்ற குடும்பத்தாரோடு தங்கியிருந்தான். அந்த வீட்டாரின் பெயரைத்தான் பின்னாளில் தன் பெயருக்கு நடுவில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஜே.பி.எல். என்பதில் நடுவில் நிற்கும் எழுத்து, ஒரு பிள்ளைக்குச் சில காலம் சோறு போட்ட வீட்டின் பெயர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பத்து வயதிலேயே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடி ஒன்றைச் செய்து கூட்டாளிப் பையன்களுக்கு ஷாக் கொடுத்து விளையாடினாராம். அடுத்து ஒரு சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் செய்தார். அதன் சிக்னல் அந்தப் பகுதிக் கடற்படைத் தளம் வரைக்கும் எட்டி, அவர்கள் தேடி வந்து அதைப் பிரித்துப் போடும்படி ஆனது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கல்லூரிப் பட்டம் வாங்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் படித்துக்கொண்டே மோட்டார் கார் மெக்கானிக்காக வேலை பார்த்தார். அங்கே கையும் கண்ணும் பழகின. பின்னாளில் அவர் செய்த ஸ்பீக்கர்களில் மயிரிழை அளவு இடைவெளிகூட சுத்தமாக இருந்ததற்கு இந்தப் பட்டறைப் பழக்கமும் ஒரு காரணம்.

1924-ல் தாயார் இறந்தார். அதோடு ஊரை விட்டுக் கிளம்பி சால்ட் லேக் சிட்டிக்குப் போனார். அங்கே ஒரு ரேடியோ நிலையத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அங்கே அமைந்தது, மனைவி பெயர் கிளென்னா. தொழிலுக்கான கூட்டாளியும் அங்கேதான் கிடைத்தார். அவர் பெயர் கென் டெக்கர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் திருப்பம் அவரிடம் இருக்கிறது.

டெக்கரும் அவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் 1927 மார்ச் 9-ல் லான்சிங் மானுபாக்சரிங் கம்பெனி என்று தொடங்கினார்கள். மார்ட்டினி என்ற குடும்பப் பெயர் லான்சிங் என்று மாறியதும் இந்தச் சமயத்தில்தான். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் செய்வது லான்சிங் பொறுப்பு. வியாபாரம், வரவு செலவு, ஆளைப் பார்ப்பது எல்லாம் டெக்கர் பொறுப்பு.

சினிமா பேச ஆரம்பித்தது

முதலில் ரேடியோ பெட்டிகளுக்கான 6 அங்குல, 8 அங்குல ஸ்பீக்கர்களைச் செய்தார்கள். காலம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அதே 1927 அக்டோபரில் ஹாலிவுட்டின் பேசும் படமான தி ஜாஸ் சிங்கர் வெளியானது. நம் பக்கம் 1931 அக்டோபர் 31-ல் காளிதாஸ் வந்தது. சினிமா பேச ஆரம்பித்தால் யாராவது அந்தப் பேச்சைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வைக்க வேண்டுமே. இந்தியாவிலும் அதே தேவை பொதுக்கூட்டங்களில் இருந்தது. 1931 கராச்சி காங்கிரஸில் நானிக் மோத்வானியின் சிகாகோ ரேடியோ கம்பெனிதான் ஒலிபெருக்கி வைத்தது. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் சிகாகோ ரேடியோ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரர். தியேட்டர்களில் அப்போது இருந்த ஸ்பீக்கர்கள் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஜான் ஹில்லியர்டு என்ற இன்ஜினீயரோடு சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்யத் தீர்மானித்தார். அன்று இருந்த பெரிய அமைப்புகளில் ஒரு குறை இருந்தது. கனத்த சத்தம் நீளமான மடிப்பு ஹாரன் வழியாகச் சுற்றி வரும். கூர்மையான சத்தம் குட்டை ஹாரன் வழியாக உடனே வந்துவிடும். இரண்டுக்கும் சுமார் எட்டு அடி தூர வித்தியாசம். சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், வினாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு தாமதம். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் நடிகை எலினார் பவல் காலால் தாளம் தட்டி ஆடும் காட்சியில் ஒவ்வொரு தட்டும் இரண்டு தட்டாகக் கேட்டது. நம் ஊர்ப் பரத நாட்டியத்தில் ஜதி இரட்டையாகக் கேட்டால் எப்படி இருக்கும்?

ஷியரரின் குழு இரண்டு ஹாரன்களின் பாதையையும் ஏறக்குறைய சமமாக்கியது. அதற்கான ஸ்பீக்கர் உறுப்புகளைச் செய்து கொடுத்தது லான்சிங்கின் சிறிய கம்பெனி. கனத்த ஒலிக்கு 15 அங்குலக் கோன். கூர்மையான ஒலிக்கு அலுமினியத் தகடு அதிரும் டிரைவர். தகட்டுக்கு முன்னால் வளையம் வளையமாகச் சந்து விட்ட ஓர் அடைப்பு, ஒலி ஒரே நேரத்தில் வெளியே வருவதற்காக. இந்த வேலையில் ஜான் பிளாக்பர்ன் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தார். 1936-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது இந்த இருவழி ஹாரன் அமைப்புக்குக் கிடைத்தது. விருது ஷியரர் பெயருக்கும் ஸ்டுடியோ பெயருக்கும் போனது. உறுப்புகளைச் செய்தவர் கைதட்டலுக்கு வெளியே நின்றார்.

அதே வருஷங்களில் லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் 1935-ல் இந்தியா வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல் சதிலீலாவதி, சகுந்தலை, மீரா என்று தமிழ்ப் படங்களை எடுத்தார். ஹாலிவுட்டில் நடந்த மாற்றங்கள் நம் கொட்டகை வரைக்கும் இப்படித்தான் ஆள் மூலமாகவும் கருவி மூலமாகவும் வந்து சேர்ந்தன.

1937-ல் லான்சிங் ஐகானிக் என்ற சிறிய அமைப்பைக் கொண்டுவந்தார். தியேட்டர் ஸ்பீக்கரின் அதே இருவழி முறை, ஆனால் ஒரு அறைக்குள் வைக்கிற அளவு. இன்றைக்கு வீட்டில் வைத்துக் கேட்கும் இருவழி ஸ்பீக்கர்களுக்கு இதை ஒரு மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

கூட்டாளி போன பிறகு

1939-ல் கென் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். இதுதான் நான் சொன்ன திருப்பம். ஸ்பீக்கர் செய்யத் தெரிந்தவர் இருந்தார், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் போய்விட்டார். கம்பெனி பணமுடையில் மாட்டியது. 1941 டிசம்பர் 4-ல் ஆல்டெக் என்ற கம்பெனி 50,000 டாலருக்கு லான்சிங்கின் கம்பெனியை வாங்கிக்கொண்டது. இருவர் பெயரும் சேர்ந்து ஆல்டெக் லான்சிங் ஆனது. ஜப்பான் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

புதிய கம்பெனியில் லான்சிங்குக்குப் பொறியியல் துணைத் தலைவர் பதவி. சம்பளம் உண்டு, கடன்காரன் தொல்லை இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் நல்ல வேலைகள் நடந்தன. ஒரே ஸ்பீக்கருக்குள் கனத்த ஒலிக்கும் கூர்மையான ஒலிக்கும் தனித்தனி உறுப்பு வைத்த 604 என்ற மாடல் வந்தது. உலகத்துப் பாட்டுப் பதிவு ஸ்டுடியோக்கள் பலவற்றில் அது பல வருஷம் இருந்தது. 1945-ல் தியேட்டர்களுக்காக வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் என்ற பெரிய வரிசை வந்தது. தட்டையான கம்பியை வேகமாகச் சுற்றிக் காயில் செய்யும் முறையையும் இக்காலத்தில்தான் அவர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார்.

ஆனாலும் 1946-ல் ஒப்பந்த காலம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டார். சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. நம்மில் எத்தனை பேர் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை வைத்தோம், அல்லது வைக்க நினைத்தோம்! அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

1946 அக்டோபர் 1-ல் லான்சிங் சவுண்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். லான்சிங் என்ற பெயர் தங்களுக்கு விற்கப்பட்டுவிட்டது என்று ஆல்டெக் ஆட்சேபம் கிளப்பியது. தன் சொந்தப் பெயரையே முழுசாகப் போட முடியாத நிலை. கடைசியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று முழுப் பெயரையும் போட்டுச் சமாளித்தார். அந்தப் பெயரின் முதல் எழுத்துகள்தான் 1950-களின் நடுவில், மறுபடியும் வந்த பெயர்த் தகராறைத் தவிர்க்க, ஜே.பி.எல். என்று சுருங்கின.

டி-130

இந்தப் புதிய கம்பெனியில் அவர் செய்த ஸ்பீக்கர்தான் டி-130. 1940-களின் கடைசியில் வந்தது. நம் மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஸ்பீக்கர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பிளெமிங்கின் இடக்கை விதிதான். காந்தப் புலத்தில் ஒரு கம்பி, கம்பியில் மின்சாரம், கம்பி நகர்கிறது. கம்பி காகிதக் கோனை ஆட்டுகிறது, கோன் காற்றை ஆட்டுகிறது. காந்தம் வலுவாக இருந்தால், இடைவெளி குறுகலாக இருந்தால், அதில் அதிகக் கம்பி அடங்கினால், கொஞ்ச மின்சாரத்துக்கு நிறைய சத்தம்.

மற்றவர்கள் உருண்டைக் கம்பியைச் சுற்றினார்கள். உருண்டைகளை அடுக்கினால் நடுவில் சந்து விழும். லான்சிங் தட்டையான கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார், சீட்டுக்கட்டை அடுக்குகிற மாதிரி. சந்து இல்லை, அதே இடத்தில் அதிக உலோகம். காயிலின் விட்டத்தை 4 அங்குலத்துக்குக் கொண்டுபோனார். கோன் ஸ்பீக்கரில் அவ்வளவு பெரிய காயில் அன்று புதுசு. காந்தத்துக்கு அல்னிகோ-5. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த உலோகக் கலவை. அதைத் தயாரித்த ராபர்ட் ஆர்னால்டு என்பவர் லான்சிங்கின் திறமையை நம்பிச் சரக்குக் கொடுத்து உதவினார். 1930-களின் ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது, தனியாக மின்சாரம் கொடுத்துத்தான் காந்தமாக்க வேண்டும். அல்னிகோ வந்ததும் அந்தத் தொல்லை போனது.

விளைவு என்ன? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 100 டெசிபல் சத்தம். இன்றைக்கு மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் அதே ஒரு வாட்டுக்கு 85-லிருந்து 88 டெசிபல் வரைதான் தரும். பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், பத்து வாட்டே உள்ளது, அந்தக் கால ஸ்பீக்கரோடு சேர்ந்தால் ஹாலை நிறைக்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வர இசைத்தட்டை இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டால், சீவாளியில் காற்று ஏறுகிற அந்த முதல் கணம் உறைப்பாக வந்து விழும். திருச்சி வானொலி 1939-ல் தொடங்கிய காலத்திலிருந்து நம் பெரியவர்கள் மரப்பெட்டி ரேடியோவில் கேட்டு வளர்ந்த நாதத்தின் சொந்தக்காரன் அது.

கணக்கு நோட்டு

ஸ்பீக்கர் பிரமாதம். கம்பெனி நிலைமை பிரமாதம் இல்லை. டெக்கர் மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. லான்சிங் நேர்த்தியில் கஞ்சத்தனம் செய்ய மாட்டார், விலை நிர்ணயிப்பதிலும் பணம் புரட்டுவதிலும் அவருக்குச் சாமர்த்தியம் போதாது. மார்க்வார்ட் என்ற விமானக் கம்பெனி பணம் போட்டு, இடம் கொடுத்து, வில்லியம் தாமஸ் என்ற அதிகாரியைக் கணக்குப் பார்க்க அனுப்பியது. அந்தக் கம்பெனி 1949-ல் வேறு கை மாறியது. புதிய முதலாளிகளுக்கு ஸ்பீக்கர் வியாபாரத்தில் ஆர்வம் இல்லை. லான்சிங் மறுபடியும் தனியாக நின்றார், இந்தத் தடவை கடனோடு.

1949 செப்டம்பரில், சான் மார்க்கோஸ் என்ற இடத்திலிருந்த தன் பண்ணையில், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 47.

அவர் பெயரில் கம்பெனிக்கு 10,000 டாலர் இன்ஷூரன்ஸ் இருந்தது. அந்தப் பணம்தான் கம்பெனியை மூழ்காமல் காப்பாற்றியது. வில்லியம் தாமஸ் தலைவரானார், பிறகு கிளென்னாவின் பங்கையும் விலைக்கு வாங்கினார். கணக்குத் தெரிந்த ஒரு ஆள் கையில் அதே ஸ்பீக்கர், அதே பட்டறை, சில வருஷத்தில் நிமிர்ந்து நின்றது. 1957-ல் பாரகான் என்று ஒன்பது அடி அகல மரவேலைப்பாடு ஸ்பீக்கர் செய்தார்கள், அது 1980-கள் வரை விற்றது. 1969-ல் ஹார்மன் குழுமம் ஜே.பி.எல்.-ஐ வாங்கியது. 2017-ல் ஹார்மனை சாம்சங் வாங்கியது. லான்சிங் என்ற அவருடைய பெயர் ஆல்டெக் லான்சிங் என்று இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களிலும் வந்தது. ஒரு மனிதரின் பெயர் இரண்டு கம்பெனியில் வாழ்ந்தது. அந்த மனிதர் இரண்டிலும் நிலைக்க முடியவில்லை.

இந்த இடத்தை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950-களில் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டும் ஸ்டீரியோவும் பரவி, வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைப்பது அமெரிக்கா முழுக்க ஆசையாக மாறியது. சந்தை அவருடைய ஸ்பீக்கரைத் தேடி வந்தது. அவர்தான் இல்லை.

பழையதை வாங்குகிறவர்களுக்கு

அவர் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய ஸ்பீக்கரைப் பார்க்கிற பார்வையே மாறியது. ஆசைப்படுகிறவர்களுக்காக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஜே.பி.எல்.தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊர் பிலிப்ஸ், மர்ஃபி, எச்.எம்.வி. ரேடியோகிராம்களில் இருந்தவையும் நல்ல சரக்குதான்.

கையோடு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு ஓம் பக்கம் காட்ட வேண்டும், 16 ஓம் என்றால் பத்திலிருந்து பதின்மூன்றுக்குள். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. அடுத்து இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். காதை வைத்துக் கேளுங்கள். உரசல் சத்தம் வந்தால் காயில் சாய்ந்திருக்கிறது, அல்லது இடைவெளியில் துரு இருக்கிறது. விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கோன் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று தெரியும். ஜோடியில் இரண்டும் ஒரே திசையில் நகர வேண்டும். பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் குறி தலைகீழ், மற்றவர்களுடையது முன்னால் வரும்போது இது பின்னால் போகும். கெட்டுப்போனது என்று நினைத்து ஒயரை மாற்றிவிடாதீர்கள்.

கோனின் ஓரம் துணியோ மடித்த காகிதமோ என்றால் ஐம்பது வருஷம் ஆனாலும் தாங்கும். 1970-களுக்குப் பிறகு வந்த பலவற்றில் ஓரம் பஞ்சு ரப்பர், நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அது பொடிந்து உதிரும். அதற்கு அதே அளவு புதிய ஓரம் வாங்கி ஒட்டலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கிழிந்த கோன்மேல் பசையைத் தடவித் தடவிக் கனமாக்காதீர்கள். மெல்லிய டிஷ்யூ காகிதமும் நீர்த்த பசையும் போதும்.

அல்னிகோ காந்தத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். காந்தப் பாதையைப் பிரித்தாலும் பலமாகக் கீழே போட்டாலும் அதன் வலு குறைந்துவிடும், திரும்பக் காந்தமேற்றத் தனிக் கருவி வேண்டும். 1970-களின் கடைசியில் கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியதால் பெரும்பாலான கம்பெனிகள் ஃபெர்ரைட்டுக்கு மாறின. அதனால் உயிரோடு இருக்கும் அல்னிகோ ஸ்பீக்கரை மதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கும். அதே மைக்ரோஃபாரட் அளவுள்ள, இருமுனை வகைக் கண்டென்சரைப் போடுங்கள். மரப்பெட்டியைத் தட்டிப் பாருங்கள், கரையான் தின்றிருந்தால் பொக்கென்று கேட்கும். 1930-களின் மின்காந்த வகை ஸ்பீக்கர் கிடைத்தால், அதில் உயர் வோல்ட் ஓடும், தெரியாமல் கை வைக்க வேண்டாம். திருச்சியிலும் சென்னை ரிச்சி தெருவிலும் வயதான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்தால் ஒரு செமஸ்டர் படித்த மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நம் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பட்டை, ரேகை எல்லாம் மரம் மாதிரியே இருக்கும், ஆனால் அணு அணுவாக மரம் போய்க் கல் வந்து உட்கார்ந்துவிட்டது. சிலர் பழைய ஸ்பீக்கரை அப்படிச் செய்துவிடுகிறார்கள். கோன் புதுசு, காயில் புதுசு, வலை புதுசு, வெளியே சட்டம் மட்டும் பழசு. கெட்டதை மட்டும் மாற்றுங்கள். அதைச் செய்தவர் கணக்குப் போட்டுத் தீர்மானித்த கோனின் எடையையும் காயிலின் சுற்றையும் அப்படியே விட்டுவைப்பதுதான் அவருக்கு நாம் செய்கிற மரியாதை.

கடைசியாக ஒரு வார்த்தை

என் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று நன்றாகப் பாடுகிறது. இன்னொன்றின் காயில் அறுந்து, சுற்றித் தருகிற ஆளிடம் ஆறு மாதமாகக் காத்திருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது சில சமயம் லான்சிங்கையும் டெக்கரையும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு கம்பெனிக்கும் இரண்டு காது வேண்டும்போல.

படிக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்ல ஆசைப்படுவது இதுதான். கையில் தொழில் இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே கணக்குப் படியுங்கள். இங்கே வணிகவியல் வகுப்பு இயற்பியல் வகுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நாங்கள்தான் எட்டிப் பார்க்காமல் இருந்தோம்.

என் வயதுத் தோழர்களுக்கும் ஒன்று. கடனில் மாட்டியவன் முதலில் கூட்டாளிகளைப் பார்ப்பதை நிறுத்துகிறான். சந்திப்புக்கு வராத பெயர்களைப் பார்த்தால் வேலை அதிகம் போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். இந்த வருஷம் வராதவர்களின் பட்டியலை எடுத்து ஆளுக்கு மூன்று பேராகப் பிரித்துக்கொண்டு போன் செய்வோம். காசு கொடுக்க முடியாவிட்டாலும் காது கொடுக்க முடியும். பிரச்சினை இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

சந்திப்பு முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். ஒற்றை ஸ்பீக்கரானாலும் நாகஸ்வரம் நன்றாகவே கேட்கும்.